இரவல் கணக்கு

“பௌதிகம் படிக்கச் சேர்த்தா, மோட்டார்க் கொட்டகையிலே கிடக்கிறியேப்பா!” என்று என் தந்தையார் ஆறு மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைப்பைத் தேடிக் கொல்கத்தாவுக்கு வந்து, தேயிலைக் கம்பெனி ஒன்றில் முப்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதி என்னைப் படிக்க வைத்தவர் அவர். மாலையில் மகன் கையெல்லாம் கிரீஸ் கறையோடு லேக் மார்க்கெட் வீட்டுப் படியேறினால் எந்தத் தகப்பனுக்குத்தான் மனம் ஒப்பும்? அவருக்குச் சொல்ல வேண்டிய விடையையும், என் குழு நண்பர்களுக்குச் சொல்ல வேண்டிய விடையையும் சேர்த்தே இங்கே எழுதிவிடுகிறேன். சங்கத்து அன்பர்கள் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். கடைசியில் உங்களுக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது.

நம் பல்கலைக்கழகத்து மாணவர் பந்தய வண்டிக் குழுவில் இப்போது ஒரு வாதம் நடக்கிறது. வண்டியின் எஞ்சினுக்கு வேண்டிய எரிபொருள் அட்டவணையை வெளியே ஒருவரிடம் விலைக்கு வாங்கிவிடுவதா, அல்லது நாமே அளந்து எழுதுவதா? வாங்கிவிடலாம் என்பது பெரும்பான்மையோர் கருத்து. கூடாது என்பது என் கட்சி. இது பிடிவாதம் அன்று. சென்ற ஆண்டு நாங்கள் கொடுத்த விலை அப்படிப்பட்டது.

முதலில் வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. ‘ஃபார்முலா பாரத்’ என்ற மாணவர் போட்டிக்காக இதைக் கட்டுகிறோம். கோயமுத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடத்தில் இந்தப் போட்டி நடந்து வந்திருக்கிறது. மாருதி எஞ்சினைக் கொண்டு எளிய ஒற்றையிருக்கைப் பந்தய வண்டிகளைக் கட்டிக்காட்டிய கோவைக்காரர் கரிவரதனின் பெயரால் அமைந்த தடம் அது. போட்டி விதிப்படி எஞ்சின் 710 கன சென்டிமீட்டருக்கு மேற்படக் கூடாது. அதனினும் முக்கியமான விதி ஒன்று உண்டு. எஞ்சினுக்குப் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போக வேண்டும். நம் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய வட்டம்! எவ்வளவு உறிஞ்சினாலும் அந்தத் துளை வழியே நொடிக்குச் சுமார் 75 கிராம் காற்றுக்குமேல் போகாது. துளையில் காற்று ஒலியின் வேகத்தை எட்டியதும் வரம்பு வந்துவிடுகிறது.

எங்கள் எஞ்சின் மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்த 373 கன சென்டிமீட்டர் ஒற்றைச் சிலிண்டர். ஒற்றைச் சிலிண்டர் தொடர்ச்சியாக உறிஞ்சுவதில்லை. நாலு வீச்சில் ஒரு வீச்சில் மட்டும் மடக்மடக்கென்று குடித்துவிட்டு, மற்ற மூன்றிலும் வாயை மூடிக்கொள்கிறது. ஆதலால் துளைக்கும் எஞ்சினுக்கும் நடுவே காற்றைத் தேக்கிவைக்க ஒரு கலம் வைக்கிறோம். குழாயின் நீளமும் மாறுகிறது. இத்தனையும் மாறியபின், தொழிற்சாலை எழுதிவைத்த கணக்கு அந்த எஞ்சினுக்கு எப்படிப் பொருந்தும்? பொருந்தாது. புதுக் கணக்கு எழுதியே ஆக வேண்டும்.

அந்தக் கணக்கு என்ன? பழைய நாளில் கார்புரேட்டர் இருந்தது. காற்று போகிற வேகத்தில் பெட்ரோல் தானே இழுபட்டுப் போகும்; ஜெட்டை மாற்றி, திருகைத் திருகிச் சரி செய்வார்கள். 1967இல் போஷ் கம்பெனியின் மின்னணு இன்ஜெக்‌ஷன் வோக்ஸ்வாகன் வண்டிகளில் வந்தது. நம் நாட்டுக் கார்களில் 2000ஆம் ஆண்டை ஒட்டியும், பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் 2020இல் பி.எஸ். 6 விதி வந்தபோதும் அது பரவியது. இப்போது ஒரு சிறு பெட்டி, “எஞ்சின் இத்தனை சுற்று ஓடுகிறது, திராட்டில் இத்தனை திறந்திருக்கிறது” என்று பார்த்து, அட்டவணையில் அதற்குரிய கட்டத்தைப் படித்து, இன்ஜெக்டரை அத்தனை நேரம் திறந்து மூடுகிறது. எங்கள் அட்டவணையில் 16 வரிசை, 16 பத்தி, 256 கட்டங்கள். ஸ்பார்க் எப்போது பாய வேண்டும் என்பதற்கு அதேபோல் இன்னோர் அட்டவணை.

எவ்வளவு நுட்பமான காரியம் பாருங்கள். நிமிஷத்துக்கு 6,000 சுற்றில் எஞ்சினின் ஒரு முழுச் சுழற்சிக்கு 20 மில்லி விநாடிதான். அதற்குள் பீய்ச்ச வேண்டிய பெட்ரோல் சுமார் 30 முதல் 35 மில்லிகிராம்; ஒன்றரை அரிசியின் எடை! அதில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன்.

சென்ற ஆண்டுக் கதைக்கு வருகிறேன். போட்டிக்குப் புறப்பட மூன்று வாரந்தான் இருந்தது. அட்டவணை பாதிகூட நிரம்பவில்லை. அப்போது வெளிநாட்டில் படிக்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு கோப்பை அனுப்பினார். “இதே எஞ்சின், இதே துளை, எங்கள் வண்டியில் அருமையாக ஓடுகிறது” என்று குறிப்பும் எழுதியிருந்தார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு மாத வேலை இரண்டு நிமிஷத்தில் முடிந்தது! நாங்கள் அரைகுறையாக எழுதியிருந்ததை அழித்துவிட்டு அதை ஏற்றினோம். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்ற பழமொழியை என் பாட்டி எத்தனை முறை சொல்லியிருப்பாள்! அன்று அது என் நினைவுக்கு வரவில்லை.

வண்டி ஓடிற்று. முன்னைவிட விறுவிறுப்பாகவே ஓடிற்று. எங்கள் கொட்டகைக்கு மல்லிக் பஜாரிலிருந்து ஒரு முதிய மிஸ்திரி வருவார். கார்புரேட்டர் காலத்து மனிதர். பள்ளிக்கூடம் அதிகம் பார்த்தவரல்லர். நாங்கள் எல்லோரும் அவரை ‘தாதா’ என்போம். மூன்றாம் நாள் நீண்ட ஓட்டத்தின்போது அவர் சட்டென்று கையை உயர்த்தினார். “பாபு, நிறுத்தச் சொல்! தகர டப்பாவில் கூழாங்கல் குலுங்குகிறது, கேட்கவில்லையா?” என்று வங்காளத்தில் கத்தினார்.

என் கையில் மடிக்கணினி இருந்தது. புகைக்குழாயில் பொருத்திய ஆக்ஸிஜன் உணரியின் அளவு அதில் ஓடிக்கொண்டிருந்தது. 14.7 என்று காட்டியது. ஒரு பங்கு பெட்ரோல் முழுவதும் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது பாடப்புத்தகத்து எண். என் முகத்தில் எவ்வளவு பெருமிதம்! “தாதா, கணக்கு துல்லியமாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள்” என்றேன். அடுத்த அரை நிமிஷத்தில் எஞ்சின் இறுகி நின்றது. பிரித்துப் பார்த்தபோது பிஸ்டனின் தலையில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை.

இன்னோர் எஞ்சினுக்குப் பணமும் இல்லை, நாளும் இல்லை. நாங்கள் கோவைக்குப் போகவில்லை. போட்டியைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த சிங்காநல்லூர் அத்தைக்குத் தொலைபேசியில் சொல்லிச் சமாளித்தேன். அது பெரிதன்று. குழுவில் பதினொருவர் இறுதியாண்டு மாணவர்கள். நாலாண்டு அந்த வண்டிக்காக உழைத்தவர்கள், அது ஓடிப் பார்க்காமலே பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள். குழாய் ஒவ்வொன்றையும் தன் கையால் வெல்டிங் செய்த ஒரு நண்பன் அன்று மாலை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஸ்பானர்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினான். அவன் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும்.

பிழை எங்கே? பிறகு பல நாள் உட்கார்ந்து கண்டுபிடித்தேன். அந்தக் கோப்பு எத்தனால் கலவாத பெட்ரோலுக்கு எழுதப்பட்டது. அங்கே முழு விசையில் 13.5 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்று வைத்திருந்தார்கள். தேவைக்குச் சற்று அதிகமான பெட்ரோல். அதன் குளிர்ச்சி எஞ்சினைக் காக்கும். ஆனால் நம் பம்புகளில் கிடைப்பதோ 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023இல் விற்பனைக்கு வந்து 2025இல் நாடெங்கும் பரவியது அது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அது எரிய 9 பங்கு காற்றே போதும். இரண்டும் கலந்தால் சரிமட்டம் 14.7 அன்று, ஏறத்தாழ 13.5! அவர்களுக்குச் செழிப்பான கலவை எதுவோ, அதுவே நமக்கு உபரி ஏதுமில்லாத வறண்ட கலவையாயிற்று.

உணரி பொய் சொன்னதா? இல்லை. தேவையான காற்றுக்கும் உள்ளே வந்த காற்றுக்கும் உள்ள பொருத்தத்தைத்தான் அது அறியும், லாம்டா என்பார்கள். லாம்டா 1 என்பதை, சுத்தப் பெட்ரோல் என்று எண்ணிக்கொண்டு, கருவி 14.7 என்று எழுதிக் காட்டியது. அதைக் கண்டு நான் மகிழ்ந்துபோனேன். முழுதாக எரியும் விகிதம் வேறு, முழு விசையில் எஞ்சின் தாங்கும் விகிதம் வேறு என்பதை யோசிக்கவில்லை. அதோடு ஸ்பார்க் டைமிங்கும் அவர்களுடைய குழாய்க்கும், அவர்களுடைய ரேடியேட்டருக்கும், அவர்கள் ஊர்க் குளிருக்கும் ஏற்றபடி முன்னே தள்ளப்பட்டிருந்தது. ஸ்பார்க் முந்திப் பாய்ந்து அழுத்தமும் சூடும் ஏறினால், தீ போய்ச் சேருமுன்பே மூலையில் மிஞ்சிய கலவை தானாக வெடிக்கும். அந்த வெடிதான் கூழாங்கல் ஓசை. நாக்கிங் என்பது அதுவே. தாதாவுக்கு லாம்டா தெரியாது. ஆனால் அந்த ஓசையின் பொருள் தெரியும். கேட்ட காது அவருடையது. அதை நம்பாத குற்றம் என்னுடையது.

ஆகவே ‘வாங்கிவிடலாம்’ என்கிற நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். அட்டவணையில் எண்கள் இருக்கும். அந்த எண்கள் வந்த காரணங்கள் இருக்கமாட்டா. காரணம் தெரியாதவனுக்கு, எந்த எண் எப்போது பொய்யாகும் என்பது தெரியாது. கொல்கத்தா கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோவையோ 400 மீட்டருக்கு மேல். இந்த ஒன்றினாலேயே காற்றழுத்தம் சுமார் 5 சதவீதம் குறைகிறது. இங்கே ஜனவரிக் காலைக் குளிரில் எழுதிய கணக்கை, அங்கே முப்பது டிகிரி நடுப்பகலில் ஓட்டினால் காற்று இன்னும் ஐந்து சதவீதம் நெகிழ்ந்துபோகும். திராட்டிலை மட்டும் பார்க்கும் எங்கள் பெட்டிக்கு, காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் தனியே கற்றுக்கொடுத்தால்தான் அது திருத்திக்கொள்ளும். விலைக்கு வாங்கியவன் இதைத் தடத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு எப்படிச் செய்வான்?

எதிர்க்கட்சியார் சொல்வதிலும் உண்மை உண்டு. “அனுபவசாலி ஒருவர் இரண்டு நாளில் செய்வதை நாம் இரண்டு மாதம் செய்வானேன்? இரண்டாவது பிஸ்டனையும் உருக்கவா?” என்கிறார்கள். கேள்வி நியாயமானது. அனுபவசாலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வரட்டும். சேர்த்த பணத்தைக் கோப்புக்குக் கொடாமல் அவருடைய நாளுக்கும், டைனமோமீட்டர் வாடகைக்கும் கொடுப்போம். அவர் நாற்காலியில் உட்காரட்டும். விசைப்பலகை நம் கையில் இருக்கட்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் “ஏன்?” என்று கேட்டு எழுதிக்கொள்வோம். அது கல்வி. கோப்பை மட்டும் வாங்கி ஏற்றுவது இரவல்.

இவ்வாண்டு மாற்று எஞ்சினில் நாங்கள் சிலர் தொடங்கியிருக்கும் முறை எளியது. எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை எதையும் தொடுவதில்லை. உணரிகள் சரியாகப் படிக்கின்றனவா என்று முதலில் சோதிக்கிறோம். ஸ்பார்க்கைப் பின்னே தள்ளிப் பத்திரமாக வைத்துவிட்டு, எரிபொருளை மட்டும் கட்டம் கட்டமாகச் சரி செய்கிறோம்: இலேசான ஓட்டத்தில் லாம்டா 1ஐ ஒட்டி, முழு விசையில் 0.88ஐ ஒட்டி. அது முடிந்த பிறகே ஸ்பார்க். ஒவ்வொரு டிகிரியாக முன்னே நகர்த்துகிறோம். விசை கூடுவது நின்றால் நாமும் நிற்கிறோம். கூழாங்கல் ஓசை முன்னதாகவே வந்தால் அங்கிருந்து பின்வாங்குகிறோம். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். தேதி, வெப்பம், காற்றழுத்தம், எந்தப் பம்பில் வாங்கிய பெட்ரோல் என்பது உட்பட எல்லாம் நோட்டில் ஏறுகிறது. 256இல் இதுவரை 140 கட்டம் முடிந்திருக்கிறது. தாதாவுக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறோம்: அவர் கை உயர்ந்தால், கணினி என்ன சொன்னாலும் எஞ்சின் நிற்கும்.

இதைப் படித்துவிட்டு யாராவது சொந்த வண்டியில் கை வைத்துவிடாதீர்கள். பந்தயத் தடம் வேறு, சாலை வேறு. தொழிற்சாலைக் குறிப்பை மீறி வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு முரண் என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தப்படி மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் கிடக்கட்டும், சாலை வண்டியின் புகைக்குழாயில் நச்சைக் குறைக்கும் வினையூக்கி லாம்டா 1ஐ ஒட்டித்தான் ஒழுங்காக வேலை செய்யும். நாம் ‘வேகம்’ என்று கலவையைக் கெடுத்தால், அந்தப் புகை பக்கத்தில் ரிக்ஷா இழுக்கிறவருடைய நெஞ்சுக்குத்தான் போகும். சாலை வண்டிக்குத் தொழிற்சாலைக் கணக்கே நல்ல கணக்கு. ஏனெனில் அது அந்த வண்டியிலேயே அளந்து எழுதியது.

என் தந்தையாரிடம் ஒரு நாள் இந்த நோட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். “இன்னொருத்தன் போட்ட கூட்டலை நானா ஒரு தடவை கூட்டாம பேரேட்டிலே ஏத்தினது கிடையாது. நீ பரீட்சையிலே முட்டாள் இல்லைன்னு நினைச்சிருந்தேன்” என்றார். சென்ற ஆண்டுக் கதையை அன்றுதான் முழுதும் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகும் மோட்டார்க் கொட்டகையைப் பற்றிக் கேட்கிறார், ஆனால் “இன்னிக்கு எத்தனை கட்டம் ஆச்சு?” என்றும் சேர்த்துக் கேட்கிறார்.

முடிவாக, சங்கத்து அன்பர்களுக்குச் சொல்வதாகச் சொன்ன வார்த்தை. நம் சங்க அறையின் மூலையில் ஓர் அலமாரி உண்டு. பழைய மாணவர்களின் சோதனைச்சாலை ரெக்கார்டு நோட்டுகள் அதில் அடுக்கியிருக்கின்றன. ஊரிலிருந்து புதிதாக வந்து, மொழி தெரியாமல் திகைக்கும் தம்பி தங்கைகளுக்கு அது பெரிய ஆறுதல். நானும் முதலாண்டில் அதிலிருந்துதான் ஸ்பெக்ட்ரோமீட்டர் அளவுகளைப் பார்த்து எழுதினேன். முழு மதிப்பெண் வந்தது. இன்று நினைத்துப் பார்த்தால், 14.7ஐ நம்பி நின்ற அந்த மாணவன் அந்த அலமாரிக்குப் பக்கத்தில்தான் பிறந்திருக்கிறான். என் நோட்டும் இப்போது அங்கே இருக்கிறது. யாரோ பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறார்.

அலமாரியைப் பூட்டிவிடச் சொல்லவில்லை. முறை, படம், கருவியில் வரும் தொல்லை, அதை நீக்கிய விதம் எல்லாம் இருக்கட்டும். அவை அண்ணன்மார் தம்பிக்குச் சொல்லும் உதவி. அளவு எழுதிய பக்கங்களை மட்டும் எடுத்துவிடுவோம் என்பது என் யோசனை. வரும் சனிக்கிழமை நான் சங்க அறைக்குப் போய் என் நோட்டிலிருந்து அந்தப் பக்கங்களைக் கிழிக்கப் போகிறேன். மற்றவர்களும் தங்கள் நோட்டைத் தேடிக்கொண்டு வந்தால் மகிழ்வேன். குழுக் கூட்டத்தில் வாக்கெடுப்பும் அன்றைக்குத்தான். அங்கே என் கட்சி தோற்றாலும் தோற்கட்டும். மீதியுள்ள 116 கட்டங்களையும் நான் அளந்தே தீருவேன்.